கிரிவலப் பாதை கீழ்பென்னாத்தூர்ல இல்லீங்க

திருவண்ணாமலையில இருந்து திண்டிவனம் போற ரோட்டுல, சோமாசிபாடி தாண்டி எங்க ஊருக்கு வர்ற வழியில புதுசா ஒரு பேனர் கட்டியிருக்காங்க. பின்னால மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லை. பேனர்ல மலை, மலை உச்சியில தீபம், பக்கத்துல கோபுரம், ஒரு நந்தி. கீழ கொட்டை எழுத்துல "கிரிவலப் பாதை வீட்டு மனைகள்".

பஸ்ல போறப்ப படிச்சேன். கோவம் வந்துடுச்சு. இன்னும் அடங்கல. அதான் எழுதறேன்.

கிரிவலப் பாதை மொத்தமே 14 கிலோமீட்டர். மலையைச் சுத்தி வர்ற பாதை அது, மலையை விட்டு எங்கயும் போகாது. கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலைக்குக் கிழக்க, பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. எங்க வீட்டு மாடியில நின்னா வானம் தெளிவா இருக்கற அன்னிக்கு மலை தெரியும். தீபத்தன்னிக்கு சாயங்காலம் தீபமும் தெரியும். கண்ணுக்குத் தெரியுதுன்றதுக்காக அந்த ஊரு ரேட்டை எங்க ஊரு கொல்லைக்குப் போடுவாங்களா?

போடறாங்க. வாங்கறவங்களும் இருக்காங்க. வீட்டு மனைன்னு ஒண்ணு வாங்கறதுக்கு வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொண்டு வர்றவங்க அவங்க. அதனாலதான் வேகமா கடந்து போக முடியல.

சரி. கொஞ்சம் சுத்திட்டு வர்றேன், கூடவே வாங்க.

"தமிழ்நாட்டுலயே காஸ்ட்லி தெரு எது?"ன்னு யாரைக் கேட்டாலும் சென்னையில ரெண்டு எடத்தைச் சொல்லுவாங்க. போட் கிளப், போயஸ் கார்டன். அடையாறு ஆத்தங்கரையில இருக்கற, 1867-ல ஆரம்பிச்ச படகுக் கிளப்பு, அதைச் சுத்தி வந்த தெருக்கள். போயஸ் கார்டன் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஜெயலலிதா அம்மா வாழ்ந்த வேதா நிலையம் அங்கதான் இருக்கு. 1967-ல அவங்க அம்மா சந்தியா வாங்கினப்ப விலை 1 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். இடம் 24,322 சதுர அடி, அதாவது பத்து கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல. 2020-ல அதை நினைவு இல்லமா எடுக்கறதுக்கு அரசாங்கம் கோர்ட்டுல கட்டின தொகை 67.9 கோடி. (அடுத்த வருஷமே ஐகோர்ட் அந்தக் கையகப்படுத்தலை ரத்து பண்ணி, வீட்டை வாரிசுங்களுக்கே குடுக்கச் சொல்லிடுச்சு. அது வேற கதை.)

53 வருஷத்துல ஐயாயிரம் மடங்குக்கு மேல. அந்த ஐம்பத்துமூணு வருஷத்துல அந்த மண்ணு என்ன வெளைஞ்சது? ஒண்ணும் வெளையல. சுத்தி இருக்கற ஊரு வளர்ந்துச்சு, அவ்வளவுதான்.

போட் கிளப்பு பக்கம் ஒரு தடவை நடந்து போயிருக்கேன். பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரம், உசந்த மதில், கேட்டுக்குக் கேட்டு ஒரு செக்யூரிட்டி. ரோட்டுல ஆளே இல்ல. டீக்கடை கிடையாது. கீரைக்காரம்மா சத்தம் கிடையாது. லண்டன்ல கென்சிங்டன் பேலஸ் கார்டன்ஸ்னு ஒரு தெரு இருக்கு, உலகத்துலயே விலை கூடின தெருக்கள்ல ஒண்ணு. அதுக்கு ரெண்டு முனையிலயும் காவல் போட்ட கேட்டே வச்சிருக்காங்க. மத்தவங்க வரக் கூடாதுன்றதுக்குத்தான் அங்கெல்லாம் காசு.

இப்ப திருவண்ணாமலைக்கு வாங்க. இங்க கதை நேர் தலைகீழ்.

இங்க எது காஸ்ட்லி தெரு? கோயிலைச் சுத்தின மாட வீதிங்க. ராஜகோபுரத்துக்கு எதிர்ல சன்னதித் தெரு. திருவூடல் தெரு. அப்புறம் செங்கம் ரோடு, ரமணாசிரமம் இருக்கற பக்கம், ரமண நகர். அங்கேருந்து கிரிவலப் பாதை பூரா, ரோட்டு மேல இருக்கற எடம். இதெல்லாம் ஏன் விலை? மனுஷங்க நடக்கறாங்க, அதனால. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்குல நடக்கறாங்க. கார்த்திகை தீபத்துக்குக் கேக்கவே வேணாம். சென்னையில யாரும் நடக்காத தெரு காஸ்ட்லி. எங்க பக்கம் எல்லாரும் நடக்கற தெரு காஸ்ட்லி.

இதை யோசிச்சப்ப எனக்கு மொதல்ல பெருமையாத்தான் இருந்துச்சு. செருப்பு இல்லாத காலுங்க நடந்து நடந்து ஒரு ரோட்டுக்கு மதிப்பு வந்திருக்கே! எந்தக் கோடீஸ்வரனும் கேட்டு போட்டு உண்டாக்கல.

செங்கம் ரோட்டையே எடுத்துக்கங்க. 1896 செப்டம்பர் 1-ம் தேதி ஒரு பதினாறு வயசுப் பையன் மதுரையில இருந்து கெளம்பி வந்து இந்த ஊர்ல எறங்கறான். கோயில்ல, மலை மேல விரூபாட்ச குகையில, ஸ்கந்தாசிரமத்துலன்னு வருஷக்கணக்கா இருக்கறாரு. 1922-ல அவங்க அம்மா காலமாயிடறாங்க. மலை அடிவாரத்துல, ஊருக்கு வெளிய சமாதி வெக்கறாங்க. அந்தச் சமாதி பக்கத்துல அவரு வந்து உக்காந்தப்ப அங்க இருந்தது ஒரு கூரைக் கொட்டாய். அதுதான் இன்னிக்கு ரமணாசிரமம். பால் பிரண்டன்னு ஒரு வெள்ளைக்காரர் வந்து பாத்துட்டுப் போய் 1934-ல புஸ்தகம் போட்டாரு. அதுக்கப்புறம் வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வர்றது நிக்கவே இல்ல. பகவான் ரமணர் கோவணத்தோட உக்காந்திருந்த எடத்துக்குப் பக்கத்துலதான் இன்னிக்கு ஒரு சென்ட் வாங்கறதுக்கு சொத்தை வித்துட்டு வரணும்.

அவர் அந்த எடத்துக்கு ரேட்டு ஏத்தல. அவரைப் பாக்க வந்தவங்களும் ஏத்தல. ஆனா ஏறிடுச்சு.

இப்ப சமீபத்துல இன்னும் வேகம். ஆந்திரா, தெலங்கானாவுல இருந்து வர்ற கூட்டம் எங்க கண்ணு முன்னாலயே பெருகுது. ஓட்டல் போர்டு, லாட்ஜ் போர்டு, பஸ் போர்டு எல்லாம் தெலுங்குல வந்துடுச்சு. 2024 மே மாசத்துல சென்னை பீச்சுல இருந்து திருவண்ணாமலைக்கு நேரா ரயில் விட்டாங்க, அம்பது ரூபா டிக்கெட்டு. அதே வருஷம் ஆகஸ்ட்ல திருவண்ணாமலை மாநகராட்சி ஆயிடுச்சு. (1989-ல மாவட்டம் ஆனதுக்கு அப்புறம் ஊருக்கு வந்த பெரிய பட்டம் இதுதான்.) இதுல எது ஒண்ணு வந்தாலும் மறுநாள் காலையில புரோக்கருங்க வாயில ரேட்டு ஒரு படி ஏறியிருக்கும்.

எங்க அக்கா குடும்பம் செங்கம் ரோட்டுக்கு உள்ளடங்கின ஒரு தெருவுல வாடகைக்கு இருந்தாங்க. கீழ் வீடு. ஒரு ஹாலு, ரெண்டு ரூமு, பின்னால தோய்க்கற கல்லு, ஒரு கறிவேப்பிலை மரம். மாமா வேலைக்கு சைக்கிள்லயே போயிட்டு வந்துடுவாரு. பிள்ளைங்க ஸ்கூலுக்கு நடந்தே போகும். வருஷக்கணக்கா இருந்த வீடு.

வீட்டுக்காரம்மா ஒருநாள் வந்து உக்காந்து காபி எல்லாம் குடிச்சிட்டு, "தப்பா நெனைக்காத கண்ணு, ரூம் ரூமா தடுத்து பௌர்ணமிக்கு விடலாம்னு பையன் சொல்றான்"னாங்க.

அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவங்க சொன்ன கணக்கு சரியான கணக்குதான். ஒரு குடும்பம் மாசம் பூரா குடுக்கற வாடகையை, பௌர்ணமி ரெண்டு நாளு, சனி ஞாயிறு, தீபம், இப்படி வர்ற கூட்டம் ரொம்ப சீக்கிரமே குடுத்துடும். அக்கா குடும்பம் வீடு தேடி தேடி, கடைசியில இங்க கீழ்பென்னாத்தூருக்கே வந்துட்டாங்க. மாமா இப்ப டெய்லி பஸ்ஸு. அந்தத் தெருவுக்குப் போன மாசம் ஒரு கல்யாணப் பத்திரிகை வெக்கப் போனோம். தெரு பூரா ரூம் வாடகை போர்டுதான். திண்ணை இருந்த எடத்துல ரிசப்ஷன் மேசை. பத்திரிகை குடுக்கத் தெரிஞ்ச மூஞ்சி ரெண்டே ரெண்டு வீட்டுலதான் இருந்துச்சு.

எங்க கோயிலூரோட காஸ்ட்லி 'குடியிருப்பு'த் தெருக்கள்ல குடியிருக்கறவங்க கொறைஞ்சிட்டே வர்றாங்க. அக்கா கறிவேப்பிலை மரத்தைப் பத்தித்தான் ரொம்ப நாள் பேசிட்டு இருந்தா.

பஸ் ஏறி இங்க வர்றதுக்கு அக்கா மாதிரி வழி இருக்கறவங்க வந்துடறாங்க. கூலி வேலைக்கு, கோயில் வாசல்ல பூ விக்கறதுக்கு, ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கறதுக்கு ஊருக்குள்ளயே இருந்தாகணும்னு இருக்கறவங்க எங்க போவாங்க?

மேல போவாங்க. மலை மேல.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு. மழைன்னா மழை, எங்க வாழ்நாள்ல பாக்காத மழை. சாத்தனூர் அணையில இருந்து தெறந்துவிட்ட தண்ணி தென்பெண்ணை பூரா ஊருங்களை அடிச்சிட்டுப் போச்சு. டிசம்பர் 1 சாயங்காலம் திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ல மலைச் சரிவுல இருந்து பாறையும் சேறும் உருண்டு வந்து வீடுங்களை மூடிடுச்சு. 7 பேர் போயிட்டாங்க. அதுல 5 பேர் குழந்தைங்க.

டிவியில மீட்புப் படை தோண்டறதைப் பாத்துட்டு அன்னிக்கு எங்க தெருவுல யாரும் சாப்பிடல.

அந்த எடத்துக்கும் ஊரோட காஸ்ட்லி தெருக்களுக்கும் எவ்வளவு தூரம்னு நெனைக்கறீங்க? நடக்கற தூரம். ஒரே மலை அடிவாரம்தான். ரோட்டு மேல இருக்கற எடத்துக்கு கோடி. அதே மலையில ஏறி நிக்கற எடத்துல ஓட்டு வீடும் ஷீட்டு வீடும். அந்த வருஷம் தீபத்தன்னிக்கு மலை ஏறறதுக்கு பக்தர்களை விடல, மண்ணு இளகியிருக்குன்னு நிபுணருங்க வந்து பாத்துட்டுச் சொன்னாங்க. ஒருநாள் ஏறி எறங்கறவங்களுக்கே ஆபத்துன்னா, அங்கயே அடுப்பு வெச்சு சமைச்சு பிள்ளை வளக்கறவங்களுக்கு? ஆக்கிரமிப்பு, புறம்போக்குன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம். கீழ வாடகைக்கு எடம் கெடைச்சிருந்தா யாரு பாறைக்கு அடியில போய்ப் படுப்பாங்க?

ஒரு தெருவுக்கு விலை ஏறினா, ஏறின பணம் ஒருத்தர் பாக்கெட்டுக்குப் போவுது. அந்த ஏத்தத்துக்கான கூலியை வேற ஒருத்தர் குடுக்கறாரு. இதை நான் ஆத்திரத்துல சொல்லல. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்.

சரி, எங்க ஊருக்கு வர்றேன்.

கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி. தாலுகா தலைமையிடம். 2011-ல இருந்து எங்க ஊர் பேர்லயே சட்டமன்றத் தொகுதி. எங்க ஊர்ல காஸ்ட்லின்னா சந்தேகமே இல்லாம மெயின் ரோடுதான், திருவண்ணாமலை - திண்டிவனம் ரோட்டு மேல இருக்கற எடம். பஸ் நிக்கற எடம், கடைங்க, பேங்கு, ஆபீசுங்க. அந்த ரோட்டை விட்டு ரெண்டு தெரு உள்ள வந்துட்டா விலை பாதிக்கு எறங்கிடும்னு பெரியவங்க சொல்லுவாங்க. எங்க தெரு அப்படி உள்ள இருக்கற தெரு. சாயங்காலம் ஆனா வாசல்ல சேர் போட்டு உக்காருவோம். மல்லாட்டை உரிக்கற சீசன்ல தெரு பூரா தோல் கெடக்கும். எனக்கு இதுதான் ஒசத்தியான தெரு.

ஆனா "ஒசத்தி"ன்னு நான் சொன்னா ஆச்சா? அரசாங்கம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்னு ஒரு ராத்திரி உக்காந்தேன்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம், தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பதிவுத்துறைக்கு டிஎன்ரெஜிநெட்னு ஒரு தளம் இருக்கு. அதுல 'வழிகாட்டி மதிப்பு'ன்னு போனா, தமிழ்நாட்டுல எந்த ஊரு எந்தத் தெருவுக்கும் சதுர அடி இவ்வளவுன்னு அரசாங்கம் வெச்சிருக்கற விலை தெரியும். காசு கெடையாது. மண்டலம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் மூணையும் தேர்ந்தெடுக்கணும். அப்புறம் தெரு பேர்லயும் தேடலாம், புல எண் (சர்வே நம்பர்) போட்டும் தேடலாம்.

நான் மொதல்ல தெரு பேர் போட்டேன். ஊருக்குள்ள நாம கூப்பிடற பேர் ஒண்ணு, பட்டியல்ல இருக்கற பேர் ஒண்ணு. ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து, கடைசியில பத்திரத்தை எடுத்து வெச்சிட்டு புல எண் போட்டேன், வந்துடுச்சு. பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு புல எண்ணுக்கு விலை வேற வேற. ஒண்ணு மனைன்னு வகைப்படுத்தியிருக்கும், ஒண்ணு புஞ்சைன்னு இருக்கும். நடுவுல ஒரு வரப்புதான். வரப்புக்கு இந்தப் பக்கம் சதுர அடிக் கணக்கு, அந்தப் பக்கம் ஏக்கர் கணக்கு. விடிய விடிய பாத்துட்டே இருந்தேன், அவ்வளவு சுவாரஸ்யம். உங்க ஊரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

இந்த வழிகாட்டி மதிப்பு சந்தை விலை கெடையாது. பத்திரம் பதியறப்ப இதுக்குக் கீழ காட்டினா முத்திரைத் தீர்வை பத்தலன்னு சொல்லி தனித் துணை ஆட்சியருக்கு அனுப்புவாங்க, 47-ஏ பிரிவுன்னு சொல்லுவாங்களே, அது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்துக்கு மனைன்னா தொண்ணூறாயிரம் அரசாங்கத்துக்கு. 2025 ஏப்ரல் 1-ல இருந்து, பத்து லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் தள்ளுபடி, எண்பதாயிரத்தோட முடிஞ்சிடும். (வீட்டு அம்மா பேர்ல வாங்குங்க. தள்ளுபடி இல்லன்னாலும் அவங்க பேர்லயே வாங்குங்கன்னுதான் சொல்லுவேன்.)

இந்த மதிப்பை எப்படி ஏத்தி எறக்கறாங்கன்னும் பாத்தேன். 2012-ல ஏத்தினாங்க. 2017 ஜூன்ல ஒரேயடியா 33 சதவீதம் கொறைச்சாங்க, அதுக்குப் பதிலா பதிவுக் கட்டணத்தை 1-ல இருந்து 4 சதவீதம் ஆக்கினாங்க. 2023 ஏப்ரல்ல கொறைச்சதைத் திரும்பப் பழைய எடத்துக்கே கொண்டுவந்து, கட்டணத்தை 2 ஆக்கினாங்க. இந்தப் பதினோரு வருஷத்துல எங்க தெரு அதே எடத்துலதான் இருந்துச்சு. அதே சாக்கடை, அதே பைப்பு, அதே புளியமரம்.

அதனாலதான் சொல்றேன், தெருவோட விலை வேற, தெரு வேற.

பேனருக்கு வர்றேன். அந்தக் கொல்லை யாருதுன்னு எனக்குத் தெரியும், ஊருல எல்லாருக்கும் தெரியும், பேர் சொல்ல வேணாம். மழையை நம்பி மல்லாட்டை போட்டு, மழை ஏமாத்தி, அடுத்த வருஷம் காட்டுப்பன்னி தோண்டி, கூலிக்கு ஆள் கெடைக்காம சலிச்சுப் போன மனுஷன். பொண்ணு கல்யாணத்துக்கு வித்தாரு. விக்காதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? எங்க சித்தப்பாவும் அதே யோசனையிலதான் இருக்காரு.

"நீ சொல்லுடா, ஒரு ஏக்கர்ல மல்லாட்டை போட்டா எவ்வளவு வரும், வித்துட்டு பேங்குல போட்டா எவ்வளவு வரும்?"

"பேங்குல போட்டாதான் அதிகம் சித்தப்பா."

"அப்புறம்?"

அப்புறத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. மல்லாட்டைக்கு நியாயமான விலை கெடைச்சா அவரு கொல்லையை விக்க மாட்டாரு, அது நிச்சயம்.

ஆனா விவசாயிகிட்ட ஏக்கர் கணக்குல வாங்கி, கல்லு நட்டு, செம்மண்ணு கொட்டி, சதுர அடி கணக்குல விக்கறப்ப நடுவுல போடறாங்க பாருங்க ஒரு கதை, அதுலதான் எனக்கு வயிறு எரியுது. ஒரு ஏக்கர் நூறு சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வித்தவருக்கு சென்ட் கணக்குல என்ன வந்துச்சுன்னு பாருங்க, வாங்கறவருக்கு சதுர அடி கணக்குல என்ன போவுதுன்னு பாருங்க. ரோடு, பொது எடம்னு கழிஞ்சது போக மிச்சம் நிக்கறது பூரா அந்தக் கதைக்கான விலை. "மலை தெரியும் சார்", "கிரிவலப் பாதை சார்", "ரயில் வரப்போவுது சார்".

ரயிலு! திண்டிவனத்துல இருந்து செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு ரயில் பாதைன்னு நான் பள்ளிக்கூடத்துல இருக்கற காலத்துல இருந்து பேசறாங்க. அடிக்கல்லு வெச்சாச்சு. சுமார் 70 கிலோமீட்டர் பாதை. இன்னும் ரயில் ஓடல. அந்த ஓடாத ரயிலை வெச்சு எத்தனை மனை வித்திருப்பாங்க. ரயில் வரணும்னு எங்க ஊரு மனசார ஆசைப்படுது. ஆனா வர்றப்ப வரட்டும். அதுக்கு இப்பவே எங்ககிட்ட டிக்கெட் காசு வாங்கக் கூடாது.

இன்னொண்ணு. அந்தக் கொல்லைக்கு ஓரமா ஒரு ஓடைக்கால் போவுது. மழைக்காலத்துல மேக்க இருந்து வர்ற தண்ணி அதுலதான் ஏரிக்குப் போவும். ஃபெஞ்சல் மழையில அந்தக் கால்ல இடுப்பளவு தண்ணி ஓடினதை நான் கண்ணால பாத்தேன். இப்ப அதைப் பாதி தூத்து ரோடு போட்டிருக்காங்க. அடுத்த பெரிய மழையில அந்தத் தண்ணி எங்க போவும்? வீடு கட்டினவன் ஹாலுக்குத்தான் போவும். ஏரிக்குத் தண்ணி வராம கீழ இருக்கற கழனி காயும். மலையில மேல போய் வீடு கட்டினது மாதிரி, கீழ தண்ணி பாதையில வீடு கட்டறதும் ஆபத்துதான். விலையைத் தொரத்திட்டு ஓடறப்ப மண்ணு எப்படி இருக்குன்னு யாரும் குனிஞ்சு பாக்கறதில்ல.

அந்த மனையைக் கேட்டு என்கிட்டயே ஒருத்தர் போன் பண்ணினாரு. சென்னையில இருக்கற தூரத்துச் சொந்தம். "உங்க ஊருதானே, கிரிவலப் பாதையில எடம் வருதாமே, நல்லதா?"ன்னாரு. அண்ணே, எடம் நல்லது, ஊரு ரொம்ப நல்லது, பாதைதான் பொய்யின்னேன். எங்க ஊருக்குக் குடி வர்றவங்க வரட்டும். தாராளமா வரட்டும். கீழ்பென்னாத்தூர்னு பேர் போட்டு, கீழ்பென்னாத்தூர் விலைக்கு, கீழ்பென்னாத்தூர்ல வாழறதுக்கு வரட்டும். அண்ணாமலையார் பேரைச் சொல்லி ஏமாந்து வர வேணாம்.

வாங்கற எண்ணத்துல இருக்கறவங்களுக்கு நான் தெரிஞ்சுகிட்டதைச் சொல்லி முடிச்சுக்கறேன்.

500 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சு விக்கறாங்கன்னா ரெராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிஞ்சிருக்கணும், விளம்பரத்துல அந்தப் பதிவு எண் இருந்தாகணும். நான் பாத்த பேனர்ல நந்தி இருந்துச்சு, எண் இல்ல. நகர் ஊரமைப்பு அப்ரூவல் இருக்கான்னு பாருங்க, அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் தடை போட்டு, அதுல மாட்டினவங்க பட்ட பாடு ஊருக்கே தெரியும். பெரிய லேஅவுட்டுன்னா, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல போனா, ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது எடமா விட்டிருக்கணும். அது வரைபடத்துல எங்க இருக்குன்னு கேளுங்க, போய் அங்க நின்னு பாருங்க. வில்லங்கம் போட்டுப் பாருங்க. தாய்ப் பத்திரம் கேளுங்க.

எல்லாத்துக்கும் முன்னால புல எண்ணைக் கேட்டு வாங்குங்க. அந்த ஒண்ணு கைக்கு வந்தா பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாத்தையும் வீட்டுல உக்காந்தே பாத்துடலாம். புலப்படத்துல ஓடை, வாய்க்கால் கோடு உங்க மனை ஓரமா போவுதான்னு பாருங்க. முடிஞ்சா ஐப்பசி கார்த்திகையில, நல்லா மழை பெஞ்ச மறுநாள் நேர்ல வந்து நில்லுங்க. பக்கத்துக் கொல்லையில வேலை செய்யறவங்ககிட்ட "இங்க தண்ணி நிக்குமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, எங்க ஊரு ஆளுங்க உள்ளதைச் சொல்லுவாங்க.

புல எண் குடுக்கறதுக்குத் தயங்கறவங்ககிட்ட அட்வான்ஸ் ஒத்த ரூபா குடுக்காதீங்க.